எடிட்டிங் பிராஜெக்டுக்கான எக்ஸ்டெர்னல் டிரைவ்: எந்த ஃபார்மேட் போடுவது?

சட்டகம்25 எழுதியது:

வணக்கம். 4 டிபி எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். எந்த ஃபார்மேட் போடுவது என்று தெரியாமல் இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

வேலை இதுதான். முப்பத்தைந்து நிமிட ஆவணப்படம். எடிட்டிங் நான், விண்டோஸில் பிரீமியர் ப்ரோ. கலர் செய்பவர் மேக்கில் டாவின்சி ரிசால்வ் வைத்திருக்கிறார். ஒலிக்கலவை செய்பவரிடமும் மேக்தான். டிரைவ் மூன்று பேர் கைக்கும் மாறி மாறிப் போய்வர வேண்டும். ஏற்கெனவே என்னிடம் என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு 2 டிபி ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. போன படத்துக்கு அதைத்தான் கொடுத்தேன். மேக்கில் செருகினால் எல்லா ஃபைலும் தெரிகிறது, ஓடுகிறது, ஆனால் முடித்த ரெண்டரை அதில் எழுத முடியவில்லை. கடைசியில் இணையம் வழியாக அனுப்பி, அது வந்து சேர இரண்டு நாள் ஆனது.

தேடிப் பார்த்தால் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு, விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுத முடிகிற எக்ஸ்ஃபேட் போடு என்கிறார்கள். மீதிப் பேர் அதைத் தொடவே கூடாது என்கிறார்கள். இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்து, ஒன்றில் என்டிஎஃப்எஸ், இன்னொன்றில் எக்ஸ்ஃபேட் போட்டால் சரியாக வருமா? க்ளஸ்டர் அளவு என்று ஒன்று கேட்கிறதே, அதற்கு என்ன கொடுப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


வெட்டுமேசை எழுதியது:

அந்த எஸ்எஸ்டியில் வைத்து எடிட் செய்யப் போகிறீர்களா, இல்லை அதில் ஏற்றி அனுப்பப் போகிறீர்களா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எடிட் செய்யும் டிரைவ் உங்கள் கணினியின் சொந்த ஃபார்மேட்டில் இருக்க வேண்டும். விண்டோஸ் என்றால் என்டிஎஃப்எஸ், மேக் என்றால் ஏபிஎஃப்எஸ். கை மாறும் டிரைவ் எக்ஸ்ஃபேட்டில் இருக்கலாம். ஒரே டிரைவ் இரண்டு வேலையும் செய்ய வேண்டும் என்று ஆசைப்படும்போதுதான் சிக்கல் வருகிறது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபைலை டிரைவில் எழுதும்போது அதன் உள்ளடக்கம் மட்டும் போய் உட்கார்வதில்லை. அந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எந்தெந்த இடம் இப்போது நிரம்பியிருக்கிறது, துண்டு துண்டாக இருந்தால் அடுத்த துண்டு எங்கே என்று பல கணக்குகளும் கூடவே மாற வேண்டும். நடுவில் கேபிள் கழன்றால் ஒரு கணக்கு மாறியிருக்கும், இன்னொன்று மாறியிருக்காது. என்டிஎஃப்எஸ் இதற்கென்று ஒரு ஜர்னல் வைத்திருக்கிறது. செய்யப்போகும் மாற்றத்தை அதில் முதலில் குறித்துக்கொண்டு பிறகுதான் கணக்கில் கை வைக்கும். பாதியில் நின்றால் குறிப்பைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். ஏபிஎஃப்எஸ் வேறு வழியில் அதே பாதுகாப்பைத் தருகிறது. பழைய கணக்கை அழிக்காமல் புதியதை வேறிடத்தில் எழுதி, முழுதாக முடிந்த பிறகுதான் அதற்கு மாறும். எக்ஸ்ஃபேட்டில் இந்த இரண்டுமே கிடையாது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அதைக் கொண்டுவந்ததே மெமரி கார்டு, ஃபிளாஷ் டிரைவ் மாதிரியான எளிய சாதனங்களை மனதில் வைத்துத்தான்.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜர்னல் இருந்தாலும் எழுதிக்கொண்டிருந்த அந்த ஒரு ரெண்டர் ஃபைல் போய்விடலாம். மற்ற ஃபைல்களும் ஃபோல்டர்களும் தப்பிக்கும், அதற்குத்தான் ஜர்னல்.

பார்ட்டிஷன் பிரிக்க வேண்டாம். டிரைவ் செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு பக்கம் இடம் நிரம்பி மறுபக்கம் காலியாகக் கிடக்கும், பிறகு அளவை மாற்றுவது பெரிய தலைவலி. இன்னும் ஒரு டிரைவ் வாங்க முடிந்தால் அதுதான் நல்லது.


இரவுரெண்டர் எழுதியது:

இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஆறு வருடமாக எல்லா டிரைவும் எக்ஸ்ஃபேட்தான். விண்டோஸ், மேக், இரண்டிலும் எடிட் செய்கிறேன். இதுவரை ஒரு ஃபைல்கூடப் போனதில்லை. எஜெக்ட் கொடுக்காமல் கேபிளைப் பிடுங்க மாட்டேன், அது ஒன்றுதான் நான் கடைப்பிடிக்கும் விதி. தனியாக வேலை செய்பவருக்கு இரண்டு டிரைவ், இரண்டு ஃபார்மேட் என்றால் ஒவ்வொரு முறையும் நகல் எடுத்தே பாதி நாள் போய்விடும். 4 டிபியை நகல் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்தீர்களா?

டிரைவைக் கையாளும் ஒழுங்கு இருந்தால் எக்ஸ்ஃபேட் போதும் என்பது என் கருத்து.


நிறக்கோல் எழுதியது:

இரவுரெண்டர் சொல்லும் ஒழுங்கு என்னிடமும் இருந்தது. எஜெக்ட் கொடுக்காமல் நானும் எடுத்ததில்லை. ஆனால் கேபிளுக்கு அது தெரியாதே.

ஒரு குறும்படத்துக்குக் கலர் செய்துகொண்டிருந்தேன். ஃபுட்டேஜ், கேஷ் (மென்பொருள் தற்காலிகமாக எழுதிவைக்கும் ஃபைல்கள்), ரெண்டர் எல்லாமே ஒரே எக்ஸ்ஃபேட் எஸ்எஸ்டியில். இரவு இரண்டு மணி இருக்கும், ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணில் விளக்கு வெளிச்சம் அடிக்கிறதே என்று மடிக்கணினியை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினேன். அவ்வளவுதான். டைப்-சி முனை அரை மில்லிமீட்டர் அசைந்திருக்கும். எஸ்எஸ்டியின் சின்ன நீல விளக்கு ஒரு முறை அணைந்து மறுபடி எரிந்தது. திரையில் டைம்லைன் முழுக்கச் சிவப்பு.

கழற்றிச் செருகினால் டிரைவ் வரவே இல்லை. டிஸ்க் யுடிலிட்டியில் பெயர் மங்கலாகத் தெரிந்தது, மவுன்ட் கொடுத்தால், அதாவது திறக்கச் சொன்னால், அசையவில்லை. விளக்கு மட்டும் விடாமல் மினுக்கிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம் கழித்துத் தானாக வந்தது. திறந்து பார்த்தால் 'நாள்_03' என்ற ஃபோல்டர் இருக்க வேண்டிய இடத்தில் அதே பெயரில் ஒரு காலி ஃபைல், அளவு பூஜ்யம். அதன் உள்ளே 212 கிளிப்புகள் இருந்தன. மற்ற நாட்களின் ஃபுட்டேஜுக்கு ஒன்றும் ஆகவில்லை, ரெண்டர் எழுதிக்கொண்டிருந்த ஃபோல்டருக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. ஏன் அந்த ஒரு ஃபோல்டர் மட்டும் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மீட்பு மென்பொருள் கிளிப்புகளைத் திருப்பித் தந்தது, ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். டைம்கோடைப் பார்த்துப் பார்த்து அவற்றுக்குப் பழைய பெயர் வைக்க இரண்டு நாள் ஆனது. இயக்குநருக்கு ஃபோன் செய்து சொன்ன அந்த ஐந்து நிமிடத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அந்த இருபது நிமிடத்தைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். முறையாக எஜெக்ட் ஆகாத எக்ஸ்ஃபேட் டிரைவை மேக்கில் செருகினால், மேக் அதை மவுன்ட் செய்யும் முன் பின்னணியில் சோதிக்கும். டிரைவ் பெரியதாக இருந்தால் நீண்ட நேரம் பிடிக்கும். ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்தால் அந்தச் சோதனை ஓடுவது தெரியும். அந்த நேரத்தில் டிரைவ் செத்துவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி பிடுங்கிச் செருகுபவர்களைப் பார்த்திருக்கிறேன். விளக்கு மினுக்குகிறதென்றால் விட்டுவிடுங்கள்.


இரவுரெண்டர் எழுதியது:

212 கிளிப் என்று படித்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் கேஷை எப்போதும் கணினியின் உள் டிரைவில் வைக்கிறேன், ரெண்டரும் அங்கேதான். அதாவது எக்ஸ்ஃபேட் டிரைவில் என் கணினி எழுதுவது மிகக் குறைவு, பெரும்பாலும் படிப்பதுதான். ஆறு வருடம் தப்பித்ததற்கு அதுதான் காரணமோ என்று இப்போது தோன்றுகிறது.


வெட்டுமேசை எழுதியது:

அதேதான். எழுதும்போது அறுந்தால்தான் பெரிய ஆபத்து. கேஷ், ஆடியோ பீக் ஃபைல்கள், பிரிவியூ எல்லாம் ஓயாமல் எழுதப்படுபவை, அவற்றை எக்ஸ்ஃபேட்டில் வைக்காமல் இருந்தாலே பாதி ஆபத்து குறையும்.

க்ளஸ்டர் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். டிரைவ் ஃபைலுக்கு இடம் ஒதுக்கும் மிகச் சிறிய துண்டுதான் க்ளஸ்டர். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு விண்டோஸ் எக்ஸ்ஃபேட்டில் இயல்பாகக் கொடுப்பது 128 கேபி. ஒரு ஃபைல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் குறைந்தது ஒரு க்ளஸ்டரைப் பிடித்துக்கொள்ளும். 4 கேபி அளவில் 40,000 சின்ன ஃபைல்கள் இருந்தால் உண்மையில் 160 எம்பிதான், ஆனால் டிரைவில் சுமார் 5 ஜிபியை அடைத்துக்கொள்ளும். பெரிய வீடியோ ஃபைல்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இயல்பாக வருவதை மாற்றாமல் விடுங்கள்.


புதுக்கட் எழுதியது:

குறுக்கே ஒரு சின்னக் கேள்வி. ஃபேட்32 எல்லாக் கணினியிலும் திறக்கிறதே, அதைப் போட்டால் என்ன?


வெட்டுமேசை எழுதியது:

ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடவே முடியாது. வீடியோவுக்கு ஆகாது.


ஒலித்தடம் எழுதியது:

ஒலிக்கலவைப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. டிரைவ் மேக்குக்குப் போய்த் திரும்பி உங்கள் விண்டோஸுக்கு வரும்போது, ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் ஒரு புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த இரட்டை ஃபைல் இருக்கும். அளவு 4 கேபி. மேக் தன் கூடுதல் தகவல்களை எக்ஸ்ஃபேட்டில் வைக்க வேறு இடமில்லாமல் இப்படித் தனி ஃபைலாக எழுதுகிறது. மேக்கில் இவை கண்ணில் படாது. விண்டோஸில் முழு ஃபோல்டரையும் இழுத்து பிரீமியரில் போட்டால் அவையும் சேர்ந்து வந்து, திறக்க முடியவில்லை என்று வரிசையாகப் பிழை காட்டும். முதல் முறை பார்த்தபோது பாதி ஆடியோ கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அவை வீடியோவும் இல்லை, ஆடியோவும் இல்லை. விண்டோஸ் பக்கம் தாராளமாக அழித்துவிடலாம். பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு அழியுங்கள்.

இன்னொன்று, வால்யூம் பெயர், அதாவது டிரைவுக்கு நாம் வைக்கும் பெயர். மேக்கில் ஃபைலின் பாதையே டிரைவின் பெயரில்தான் தொடங்குகிறது. ஒரே பெயரில் இரண்டு டிரைவைச் சேர்த்துச் செருகினால் இரண்டாவதின் பாதையில் ஓர் எண் ஒட்டிக்கொள்ளும், அதிலிருந்த மீடியா எல்லாம் ஆஃப்லைன் ஆகிவிடும், அதாவது மென்பொருளால் அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. பேக்கப் டிரைவுக்கும் வேலை டிரைவுக்கும் ஒரே பெயர் வைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். எக்ஸ்ஃபேட்டில் வால்யூம் பெயர் 11 எழுத்துக்குள்தான் இருக்க முடியும், அதனால் படத்தின் சுருக்கப் பெயரும் ஓர் எண்ணும் போதும்.


மூலப்பிரதி எழுதியது:

பெயர் பேச்சு வந்ததால் நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்கிறேன். இதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்கள் கவனிக்கவும். 'தொடக்கம்' என்று ஒரு கிளிப். இதில் 'தொ' என்பதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். 'த'வோடு ஒகரக் குறியை ஒரே எழுத்தாக வைக்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனி எழுத்தாக வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் உள்ளே வேறு வேறு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றிலும் இது உண்டு. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் ஃபார்மேட் பெயர்களை எப்போதும் பிரித்துத்தான் சேமிக்கும். விண்டோஸில் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும்.

எனக்கு நடந்தது இது. பின்னணிக் குரல் ஃபைல்கள் மேக்கின் பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து எக்ஸ்ஃபேட் வழியாக விண்டோஸுக்கு வந்தன. திருத்திய பதிப்பை அதே ஃபோல்டரில், அதே பெயரில் சேமித்தேன். பழையதன் மேல் எழுதட்டுமா என்று கேட்கும் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. ஃபோல்டரைப் பார்த்தால் 'தொடக்கம்' இரண்டு இருக்கின்றன. ஒரே ஃபோல்டர், ஒரே பெயர், ஒரே எக்ஸ்டென்ஷன். எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. டைம்லைன் பழையதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. காரணம் புரிய ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். டைம்லைனுக்குள் கிளிப் பெயர், மார்க்கர், குறிப்பு எல்லாம் தமிழிலேயே வைக்கிறேன், அதில் ஒரு தொந்தரவும் இல்லை. டிரைவில் இருக்கும் ஃபைல், ஃபோல்டர் பெயர்களுக்கு மட்டும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு. கேள்விக்குறி, முக்காற்புள்ளி, மேற்கோள்குறி எதுவும் வேண்டாம். விண்டோஸ் இவற்றைப் பெயரில் ஏற்காது.


சட்டகம்25 எழுதியது:

என் ஃபோல்டர்கள் எல்லாம் தமிழில்தான் இருக்கின்றன. 'தொகுப்பு', 'ஒலிக்கோப்பு' என்று. இப்போதே மாற்றிவிடுகிறேன். பிரீமியரில் எல்லாம் ஆஃப்லைன் ஆகிவிடுமா?


மூலப்பிரதி எழுதியது:

ஆகும், ஆனால் பயப்பட வேண்டாம். உள் அமைப்பை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றுங்கள். திறக்கும்போது ஒரு ஃபைலுக்கு இடத்தைக் காட்டினால் அதே ஃபோல்டரில் உள்ள மற்றவற்றை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். மாற்றும் முன் பிராஜெக்ட் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.


இழைநூல் எழுதியது:

ஃபைனல் கட் பக்கத்திலிருந்து. இந்த இழையை மேக் எடிட்டர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஃபைனல் கட் ப்ரோவின் லைப்ரரியை எக்ஸ்ஃபேட்டில் வைக்க வேண்டாம், அது ஏபிஎஃப்எஸ்ஸிலோ மேக் ஓஎஸ் எக்ஸ்டென்டட்டிலோ (மூலப்பிரதி சொன்ன ஹெச்எஃப்எஸ் பிளஸ்தான் இது) இருக்க வேண்டும். ஃபுட்டேஜ் மட்டும் வெளியே எக்ஸ்ஃபேட்டில் இருக்கலாம்.

அப்புறம், எக்ஸ்டெர்னலாக இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் ஏபிஎஃப்எஸ் போடாதீர்கள். 2017-இல் அது வந்ததே எஸ்எஸ்டியை மனதில் வைத்துத்தான். நாளாக நாளாகக் கணக்குகள் டிஸ்க் முழுக்கச் சிதறும். எஸ்எஸ்டிக்கு அது பொருட்டில்லை, ஹார்ட் டிஸ்கில் ஊசி அங்கும் இங்கும் ஓடித் தேட வேண்டியிருக்கும். ஃபோல்டர் திறப்பதற்கே காத்திருக்க வேண்டிவரும். மேக்கில் மட்டும் பயன்படும் ஹார்ட் டிஸ்குக்குப் பழைய மேக் ஓஎஸ் எக்ஸ்டென்டட் ஜர்னல்ட் இன்றும் நல்ல தேர்வு. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்கும் வகை, அதாவது கேஸ்-சென்சிட்டிவ் என்று எழுதியிருப்பதை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்.


வெட்டுமேசை எழுதியது:

சட்டகம், ஃபார்மேட் போடும்போது கவனிக்க வேண்டியவை சில.

பார்ட்டிஷன் வகையைப் பலர் பார்ப்பதே இல்லை. எம்பிஆர் என்ற பழைய வகையில் இருந்தால் வழக்கமான டிரைவ்களில் 2 டிபிக்கு மேல் பயன்படுத்த முடியாது. உங்களுடையது 4 டிபி, அதனால் ஜிபிடி இருக்க வேண்டும். மேக்கில் இதற்கு ஜியுஐடி என்று பெயர். மேக்கின் டிஸ்க் யுடிலிட்டியில் ஃபார்மேட் போடுவதென்றால், வியூ மெனுவில் 'ஷோ ஆல் டிவைசஸ்' கொடுத்து, மேலே இருக்கும் டிரைவையே தேர்ந்தெடுங்கள். அதன் கீழே உள்தள்ளி இருக்கும் வால்யூமைத் தேர்ந்தெடுத்தால் பார்ட்டிஷன் வகையைக் கேட்கவே கேட்காது. விண்டோஸ், மேக் இரண்டிலும் பயன்படும் எக்ஸ்ஃபேட் டிரைவை நான் எப்போதும் விண்டோஸில்தான் ஃபார்மேட் செய்கிறேன். மேக்கில் செய்தவை சில விண்டோஸ் கணினிகளில் திறக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன், எதிர்த்திசையில் எனக்கு அப்படி நடந்ததில்லை.

4 டிபி விண்டோஸில் 3.63 என்று காட்டும். அதில் ஒரு குறையும் இல்லை. டிரைவ் செய்பவர்களும் மேக்கும் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது.

விண்டோஸ் டிரைவுக்குக் கொடுக்கும் ஆங்கில எழுத்தையும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் கடைசி எழுத்துகளில் ஒன்றைக் கொடுத்துவிட்டால், நடுவில் வேறு பென் டிரைவ் செருகினாலும் பாதை மாறாது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இதைத் தடித்த எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள். ஏபிஎஃப்எஸ் டிரைவை விண்டோஸில் செருகினால், இதைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று ஒரு பெட்டி வரக்கூடும். அதேபோல விண்டோஸ் படிக்கும் ஏதோ ஒன்றை மேக் அடையாளம் காணாவிட்டால் 'இனிஷியலைஸ்' என்று ஒரு பொத்தான் காட்டும். புதிதாக ஒரு டிரைவை மேக்கில் செருகும்போது டைம் மெஷினுக்குப் பயன்படுத்தலாமா என்றும் கேட்கக்கூடும். மூன்றுக்கும் பதில் வேண்டாம் என்பதுதான். அவசரத்தில் உதவியாளர் ஒருவர் ஆம் என்று அழுத்திய ஓர் அழுத்தில் ஒரு படத்தின் மூன்று நாள் ஷூட் போனதை நேரில் பார்த்தவன் நான். அன்றிலிருந்து என் ஒவ்வொரு டிரைவின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஃபார்மேட், வால்யூம் பெயர், எந்தக் கணினிக்கு உரியது, மூன்றும் அதில் இருக்கும்.


நிறக்கோல் எழுதியது:

வேகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 4கே யுஎச்டியில் புரோரெஸ் 422 என்ற வீடியோ வகை, நொடிக்கு 29.97 சட்டகம் என்றால் நொடிக்கு 589 மெகாபிட். அதாவது சுமார் 74 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 265 ஜிபி. அதன் உயர்தர வகையான ஹெச்க்யூ என்றால் 884 மெகாபிட், ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட 400 ஜிபி. ஓர் அடுக்கு ஓடினால் சாதாரண ஹார்ட் டிஸ்க்கூடத் தாங்கும், இரண்டு அடுக்கு வந்தால் திணறும்.

எஸ்எஸ்டி வாங்கியும் மெதுவாக இருக்கிறது என்பவர்கள் முதலில் கேபிளைப் பாருங்கள். ஃபோன் சார்ஜரோடு வந்த டைப்-சி கேபிள் பலவும் யுஎஸ்பி 2.0 வேகம்தான், நொடிக்கு 40 எம்பி தாண்டாது. முனை ஒரே மாதிரி இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. டிரைவோடு வந்த கேபிளை அதன் பெட்டியிலேயே வையுங்கள், டிரைவ் போகும் இடமெல்லாம் அதுவும் கூடவே போகட்டும்.

ரிசால்வ் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று. ஃபுட்டேஜ் இருக்கும் டிரைவைக் கொடுத்துவிட்டால் பிராஜெக்டும் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். ரிசால்வின் பிராஜெக்ட் அதன் சொந்த டேட்டாபேஸில் இருக்கிறது, டிரைவில் இல்லை. பிராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து டிரைவில் தனியாகப் போட வேண்டும். மீடியாவும் சேர்த்து வேண்டுமென்றால் ஆர்க்கைவ் கொடுக்க வேண்டும்.


இரவுரெண்டர் எழுதியது:

நகல் எடுப்பதைப் பற்றியும் சொல்லுங்கள் நிறக்கோல். வெறும் காப்பி பேஸ்ட் போதுமா?


நிறக்கோல் எழுதியது:

போதாது. காப்பி முடிந்தது என்றால் எழுதி முடித்தாயிற்று என்று மட்டும்தான் அர்த்தம். எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும், அதைத்தான் செக்சம் என்கிறோம். ரிசால்வின் மீடியா பக்கத்தில் குளோன் டூல் இருக்கிறது, இலவசப் பதிப்பிலும் உண்டு, அது நகல் எடுக்கும்போதே செக்சம் பார்த்துவிடும். நேரம் கூடுதலாக ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

நகல் கணக்கும் சொல்லிவிடுகிறேன். மூன்று நகல், இரண்டு வெவ்வேறு சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். ஃபார்மேட் எதுவாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாள்_03 போனபோது என்னிடம் ஒரே ஒரு நகல்தான் இருந்தது.


சட்டகம்25 எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடைசியில் செய்தது இது.

புதிய 4 டிபி எஸ்எஸ்டி என்டிஎஃப்எஸ், அது என் மேசையை விட்டு நகராது, எடிட் முழுக்க அதில்தான். கேஷ் கணினியின் உள் டிரைவில். கை மாறுவதற்கு ஒரு 1 டிபி எஸ்எஸ்டியைத் தனியாக வாங்கி, விண்டோஸில் ஜிபிடி, எக்ஸ்ஃபேட், க்ளஸ்டர் 128 கேபி என்று ஃபார்மேட் செய்தேன். கலருக்கு முழு ஃபுட்டேஜும் தேவையில்லை என்று அப்போதுதான் உறைத்தது. டைம்லைனில் இருக்கும் கிளிப்புகளை மட்டும் இரண்டு பக்கமும் கொஞ்சம் கூடுதலாக வைத்து வெட்டி எடுத்ததில் 380 ஜிபிதான் வந்தது. பழைய 2 டிபி ஹார்ட் டிஸ்க் இப்போது பேக்கப், வேறு வீட்டில் இருக்கிறது.

ஃபோல்டர் பெயர்கள் எல்லாம் மாற்றியாயிற்று. மாற்றும்போது ஒலி ஃபோல்டருக்குள் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் எனக்கும் இருந்தது. மூலப்பிரதி சொல்லாமல் இருந்திருந்தால் ஒன்றை இரட்டைப் பிரதி என்று நினைத்து அழித்திருப்பேன், அழித்திருந்தால் போயிருப்பது திருத்திய குரல்.

செக்சம் போட்டு நகல் எடுத்ததில் ஒரே ஒரு கிளிப் பொருந்தவில்லை. திறந்து பார்த்தால் நன்றாகவே ஓடியது, ஆனால் 41-ஆவது நொடியில் நாலைந்து சட்டகம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. மூலத்தில் அதே இடம் சுத்தமாக இருந்தது. அந்த ஒரு ஃபைலை மட்டும் மறுபடி எடுத்துச் சரிபார்த்து, எஜெக்ட் கொடுத்து, முதுகில் சீட்டு ஒட்டி, கேபிளோடு நேற்று கொடுத்தனுப்பினேன். இன்று காலை கலரிஸ்ட் அழைத்து, எல்லாக் கிளிப்பும் இணைந்துவிட்டது, முதல் காட்சியைத் தொடங்கிவிட்டேன் என்றார்.


நிறக்கோல் எழுதியது:

நல்லது. அந்த உடைந்த கிளிப் எந்த கேபிள் வழியாகப் போனது என்று பாருங்கள். அதே கேபிளில் இன்னொரு முறை முழு நகலும் எடுத்துச் செக்சம் போட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஏதாவது பொருந்தாமல் போனால் அந்த கேபிளை வெட்டிப் போட்டுவிடுங்கள்.


சட்டகம்25 எழுதியது:

பழைய ஹார்ட் டிஸ்க்கோடு வந்த கேபிளைத்தான் அன்று எடுத்திருந்தேன். இன்றிரவு சோதித்துவிட்டு எழுதுகிறேன்.